கொட்டகை இல்லாத காளான்

எங்கள் வீட்டுக் கொல்லையில் காளான் விளைகிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் தேடுவது கொட்டகையை. சமவெளியில் காளான் என்றால் ஓலைக் குடில், மணல் பரப்பிய தரை, சுற்றிலும் நனைத்துத் தொங்கவிட்ட கோணிச் சாக்கு, வாசலில் வலைக்கதவு. என்னிடம் இருப்பது ஒரு பலாமரம். அதன் கீழே குறுக்காகக் கட்டிய மூங்கில்கள், அவற்றுக்கு மேலே மழை அடிக்காமல் ஒரு தார்ப்பாய், மேற்குப் பக்கம் காற்றைத் தடுக்கப் பச்சை நிழல்வலை. மூங்கிலில் காளான் படுக்கைகள், அதாவது வைக்கோல் அடைத்த பைகள், தொங்கும். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா வருது?" என்பார்கள். இதற்கு உள் என்று ஒன்று இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இந்தத் தொழிலைக் கற்றது கீழே, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பல ஆண்டுகளாக மாதந்தோறும் 5ஆம் தேதி காளான் பயிற்சி நடத்துகிறார்கள்; தருமபுரியிலிருந்து போய் வந்தவர்கள் நிறையப் பேர். பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 16 சதுர மீட்டர் கொட்டகை. அதை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியில் விதை பரவும் அறை, மறு பாதியில் காளான் வளரும் அறை. முதல் அறைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும், வெளிச்சம் வேண்டாம். இரண்டாவது அறைக்கு 23 முதல் 25 டிகிரி, காற்றில் 75 முதல் 80 சதவீத ஈரம், மிதமான வெளிச்சம், நல்ல காற்றோட்டம். இதை எழுதிக்கொண்டு மலைக்கு ஏறி வந்து, ஐப்பசி மாதத்துக் காலையில் பலாமரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டாவது அறை எங்கள் கொல்லையில் ஏற்கெனவே இருந்தது.

எங்கள் வத்தல்மலை 3000 அடிக்கு மேலே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஆடி பிறந்தால் மூடுபனி இறங்கும். தை வரைக்கும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் மரத்தடி இலையைத் தொட்டால் கை நனையும். கீழே இதே ஈரத்துக்கு நாளுக்கு மூன்று வேளை சாக்கை நனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொட்டகை கட்டுவது மலையை விலைக்கு வாங்குகிற வேலை. மலையில் இருக்கிறவர்கள் எதற்கு அதை இன்னொரு முறை வாங்க வேண்டும்?

இரண்டு காரணத்துக்காகத் திறந்தவெளி எனக்குக் கொட்டகையைவிட மேலாகப் படுகிறது. ஒன்று காற்று. சிப்பிக் காளானும் நம்மைப் போலத்தான் கரியமில வாயுவை வெளியே விடும். மூடின அறையில் அது தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். கொத்து பார்ப்பதற்கு எக்காளம் மாதிரி இருக்கும், எடை தேறாது, வாங்குகிறவர்கள் காம்பை ஒடித்துப்போட்டுவிட்டு நம்மைத் திட்டுவார்கள். மரத்தடியில் அந்தப் பேச்சே இல்லை. குட்டைக் காம்பும் உள்ளங்கை அகலக் குடையுமாக வரும். இரண்டாவது காரணம் நெஞ்சு. முற்றின சிப்பிக் காளான் வெள்ளைப் பொடியாக வித்துத் தூளைக் கொட்டும். மூடின கொட்டகையில் மாதக்கணக்கில் அதைச் சுவாசித்தால் இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். நுரையீரல் ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சொல்லும் தொல்லை, உலகமெங்கும் காளான் பண்ணை ஆட்களுக்குத் தெரிந்தது. முகக்கவசம் போடச் சொல்லுவார்கள். போடுகிறவர்கள் குறைவு.

ஆனால் முதல் அறையை நான் வெளியே வைப்பதில்லை. விதை போட்ட பை 15, 20 நாள் வீட்டுக்குள் பரணுக்கு அடியில் இருட்டில் தொங்கும். மார்கழி, தை மாதத்தில் ராத்திரிக் குளிருக்கு வெள்ளை இழை ஓடுவது மந்தமாகும், அப்போது அடுப்படிக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிடுவேன். இழை பரவி முடித்த பையை எலியோ ஈயோ அவ்வளவு சீக்கிரம் கெடுக்க முடியாது. பரவாத பை பச்சைக் குழந்தை.

பங்குனி, சித்திரையில் தொழிலே கிடையாது. மூங்கிலைக் கழுவி வெயிலில் போட்டுவிட்டு மிளகைப் பார்க்கப் போய்விடுவேன். வருடம் முழுக்கக் காளான் வேண்டும் என்கிற ஆசைதான் நிறையப் பேரைக் கொட்டகைக்கும் கடனுக்கும் இழுத்துப்போகிறது. கோடையில் காளான் எடுத்தே தீர வேண்டும் என்றால் அதற்குப் பால் காளான் இருக்கிறது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரோடு 1998இல் வெளிவந்த ஏ.பி.கே. 2 ரகம், 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் திமிறிக்கொண்டு வரும். அது தருமபுரிக்காரர்களுக்கு. எங்கள் சாமையும் கேழ்வரகும் பருவம் பார்த்துத்தான் வருகின்றன. சிப்பிக் காளானும் அந்த வரிசையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மனக்கஷ்டம் இல்லை.

இவ்வளவு பேசினாலும், காளான் வளர்ப்பில் முக்கால் பங்கு காளானைப் பற்றியது இல்லை, வைக்கோலைப் பற்றியது. மலை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இதை மட்டும் கொடுக்கவில்லை. இங்கே நெல் கிடையாது. வைக்கோல் கீழேயிருந்து வண்டி பிடித்து, அத்தனை வளைவும் ஏறி வர வேண்டும். கட்டு விலையைவிடச் சில சமயம் வண்டிக் கூலி அதிகம்.

"வூட்டுல சாமைத் தாள் மலையா கெடக்குது. அத விட்டுட்டு வைக்கோலுக்குக் காசு குடுக்குறா பாரு" என்று என் மாமியார் சொல்லாத வருடம் கிடையாது. சாமைத் தாளிலும் காளான் வரத்தான் செய்யும். சிப்பிக் காளானுக்கு நார்ச்சத்து எதில் இருந்தாலும் சம்மதம்: கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, கரும்புச் சக்கை, மக்காச்சோளச் சக்கை, மரத்தூள். ஆனால் சாமைத் தாள் மெல்லியது, வெந்ததும் துவண்டுபோகும். பையில் அழுத்தினால் நடுவில் காற்றுப் போகாமல் களிமாதிரி இறுகிப் புளித்த வாடை அடிக்கும். வைக்கோலின் குழல் அப்படி மசியாது, ஒவ்வொரு துண்டும் தனக்குள் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு நிற்கும். நான் வைக்கோல் முக்கால், சாமைத் தாள் கால் என்று கலப்பதுண்டு. அதற்கு மேல் போனால் பை என்னிடம் கணக்குக் கேட்கும். இன்னொன்றும் உண்டு. சாமைத் தாள் மாட்டுக்குச் சேர வேண்டியது. "அதக் காளானுக்குப் போட்டா மாடு என்னாத்தத் திங்கும் அத்தே?" என்று கேட்டால் மாமியார் பேச்சை மாற்றிவிடுவார்.

வைக்கோல் வாங்குகிற இடத்தில்தான் விளைச்சல் முடிவாகிறது. கட்டைப் பிரித்து நடுவில் கைவிட்டு ஒரு பிடி உருவ வேண்டும். தங்க நிறமாக, முறித்தால் சடக்கென்று சத்தம் வருவதாக, வெயில் வாசனையோடு இருக்க வேண்டும். சாம்பல் படிந்திருந்தாலோ, கறுப்புப் புள்ளி இருந்தாலோ, மண்வாடை வந்தாலோ அது போரில் மழை குடித்த வைக்கோல். அதற்குள் வேறு பூசணம் ஏற்கெனவே குடியேறிவிட்டது. எவ்வளவு வேகவைத்தாலும் பின்னால் பச்சைப் பூசணமாக வந்து நிற்கும். இப்போது எந்திரத்தில் அறுத்து உருளையாகச் சுருட்டிக் கட்டுகிறார்கள். அதில் தாள் நசுங்கியிருக்கும். விலை மலிவு, ஆனால் தண்ணீரை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கை அறுப்பு வைக்கோல் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கிய வைக்கோலை அரிவாள்மணையில் இரண்டு விரல் நீளத்துக்கு, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், நறுக்குகிறோம். 5 மணி நேரம் ஊறல், பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்தல். விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. காப்பிச் செடி கவாத்து செய்த குச்சியும், மிளகு ஏறி நிற்கும் சில்வர் ஓக்கில் நிழலுக்காகக் கழித்த கிளையும் அடுப்புக்குப் போகும். வேகவைக்கச் சோம்பல்படுகிறவர்கள் ஃபார்மலினும் கார்பன்டசிமும் கலந்த தண்ணீரில் வைக்கோலை ராத்திரி முழுக்க ஊறவைப்பார்கள். பயிற்சியிலும் அந்த முறையைச் சொல்லுவார்கள், தவறு என்று சொல்லவில்லை. ஊறவைத்த தண்ணீரைக் கடைசியில் எங்கேயாவது கொட்ட வேண்டுமே. எங்கள் கொல்லைச் சரிவுக்குக் கீழே ஊற்று இருக்கிறது, அதற்குக் கீழே வீடுகள் இருக்கின்றன. அதனால் அந்தப் பாட்டில்கள் இந்த வீட்டுக்குள் வருவதில்லை.

வெந்த வைக்கோலை வடித்துக் கழுவின சாக்கின் மேல் உலர்த்துவது ஒரு கலை. எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்றால் 65 சதவீதம் என்று புத்தகத்தில் இருக்கும். கைக்கு அது வேறு மாதிரி தெரியும்: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். மூடுபனி நாளில் வைக்கோல் உலரவே உலராது. கீழே இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இங்கே பொழுது முழுக்கப் போகும். காளானுக்கு உதவுகிற அதே பனி வைக்கோலுக்குப் பகை. அடுப்பு அனல் படுகிற திண்ணையில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடுவேன். அவசரப்பட்டு ஈர வைக்கோலைப் பையில் அடைத்தால் பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கும், அதிலிருந்து ஈ கிளம்பும்.

விதை என்று நாங்கள் சொல்வது சோளம். அரைவேக்காடு வேகவைத்த சோளத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து, அவித்து, அதன் மேல் காளான் இழையை ஓடவிட்டது. 15 முதல் 18 நாள் வயதான விதைதான் நல்லது. புட்டி முழுக்க வெள்ளையாக, உலுக்கினால் சோளம் உதிர்வதாக இருக்க வேண்டும். மஞ்சள் நீர் கோத்ததை வாங்க வேண்டாம். ரகத்தில் எனக்குப் பிடித்தது சாம்பல் நிறச் சிப்பி, எம் 2. வெள்ளைச் சிப்பியை, கோ 1, விற்பனைக்காக வளர்க்கிறேன். வெள்ளையைத்தான் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். ருசி சாம்பலில்தான்.

60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலப் பை. அடியைக் கட்டி, நடுவில் இரண்டு ஓட்டை. வைக்கோல் ஓர் அடுக்கு, விதை ஒரு தூவல், மறுபடி வைக்கோல், இப்படி அடுக்கிக்கொண்டே போய் வாயைக் கட்ட வேண்டும். விதையை நடுவில் கொட்டாமல் ஓரமாகத் தூவினால் இழை சீக்கிரம் ஓடும். இந்த வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கை சுத்தமாக இருந்தால் போதும், பேச்சு குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

பை முழுக்க வெள்ளைப் போர்வை மூடியதும் பலாமரத்தடிக்கு எடுத்துப்போய் பிளாஸ்டிக்கைக் கீறிவிடுகிறோம். இதை நான் சாயங்காலத்தில்தான் செய்வேன். பகலில் கீறினால் வெளிக்காற்றுக்கு மேல்தோல் காய்ந்துவிடும். ராத்திரிக் குளிரும் விடிகாலைப் பனியும் பட்டால் மூன்றாம் நாள் குண்டூசித் தலை மாதிரி மொட்டு கட்டும். அடுத்த மூன்று நாளில் அறுவடை. மொட்டுக் கட்டின பிறகு வேகமாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது, சுற்றியுள்ள காற்றை நனைத்தால் போதும். தண்ணீர் தெளிப்பதற்கு முன்னாலேயே பறித்துவிட வேண்டும். குடையின் ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கும்போது பறித்தால் இளசு. விளிம்பு நேராகி மேலே எழும்பினால் வித்துத் தூள் கொட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொத்தை மொத்தமாகப் பிடித்து ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். மேல்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டால் அதே படுக்கையில் இரண்டாம், மூன்றாம் அறுப்பும் வரும். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு எல்லா அறுப்பும் சேர்த்து அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எதிர்பார்க்கலாம். இதற்கு மேல் சொல்கிறவர்கள் வேறு எதையாவது விற்க வந்திருப்பார்கள்.

வெளியில் வளர்த்தால் பகையும் வெளியில்தான். நேரடி மழைச்சாரல் குடையில் பட்டால் மறுநாளே மஞ்சள் கறை, பிசுபிசுப்பு, அதனால்தான் தார்ப்பாய். மேற்குக் காற்று பட்டால் விளிம்பு காய்ந்து வெடிக்கும், அதனால்தான் நிழல்வலை. தரையில் படுக்கை வைத்தால் கரையான் வைக்கோலைத் தின்றுவிடும். நத்தை ராத்திரியில் மரம் வழியாக ஏறி வரும், மூங்கில் முனையில் சாம்பல் பூசிவைப்பேன், அதுவும் மழை வரும்வரைதான். கோழி மொட்டைக் கொத்தும். மாடு கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு நேரே படுக்கைக்கு வரும், ஏனென்றால் இழை ஓடின வைக்கோல் அதற்கு அவ்வளவு ருசி. குரங்குக்குக் காளான் மேல் ஆசையில்லை. பையைக் கிழித்துப் பார்ப்பதில்தான் ஆசை. இத்தனையையும் பார்க்கிறவர்களுக்குக் கொட்டகையே தேவலை என்று தோன்றலாம். சின்ன ஈக்களுக்குக் கொட்டகைதான் மாளிகை. காற்று அடிக்கிற இடத்தில் அவை அவ்வளவு பெருகுவதில்லை.

என் மாமியாருக்கு இதையெல்லாம் காளான் என்று ஒத்துக்கொள்ளவே மனமில்லை. "நாம தேடிப்போயி எடுக்குறதுதான் காளான். நீ வளக்குறது வைக்கோல்ல வர்ற பூவு" என்பார். அவருக்குக் காளான் என்றால் இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றடியில் கிளம்பும் புற்றுக்காளான். பெரியூர்ப் பக்கமோ நாய்க்கனூர்ப் பக்கமோ யார் காட்டில் எந்தப் புற்றில் எப்போது வரும் என்று அவர் தலைமுறைக்கு மனப்பாடம். சொந்தத் தங்கைக்கும் சொல்லமாட்டார்கள். ருசியில் என் சிப்பிக் காளான் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதைக் கொட்டகையிலோ மரத்தடியிலோ நாம் வளர்க்க முடியாததற்குக் காரணம், அதை வளர்க்கிறவர்கள் வேறு ஆட்கள். கரையான்கள் இலையையும் குச்சியையும் மென்று கொண்டுபோய்ப் புற்றுக்குள் தேன்கூடு போலத் தோட்டம் கட்டி, அதில் அந்தப் பூசணத்தை வளர்த்துத் தின்கின்றன. மழைக்கு அது மண்ணைப் பிளந்து வெளியே வருவதைத்தான் நாம் பறிக்கிறோம். என் படுக்கையைத் தின்கிற அதே பூச்சி அங்கே விவசாயி. கோபப்பட முடியவில்லை.

காட்டுக் காளான் பழக்கம் உள்ள வீட்டில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திறந்தவெளிப் படுக்கையில் நாம் விதைக்காததும் முளைக்கும். மெல்லிய காம்பும் சாம்பல் குல்லாயுமாக வந்து, வெயில் ஏறுவதற்குள் கறுப்பு மையாக உருகிப்போகும் மைக்காளான் அடிக்கடி வரும். பிடுங்கி எறிய வேண்டியது. சிப்பி வடிவம் இல்லாதது, காம்பு வரை இறங்கிவரும் மடிப்பு இல்லாதது எதுவாக இருந்தாலும் சட்டிக்குப் போகக் கூடாது. வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூச்சி தின்றால் நஞ்சு இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நான் கேட்பதில்லை. நச்சுக் காளானையும் புழு தின்னும்.

விற்பனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த மறுநாளே வாடும். விடியலில் பறித்து, ஓட்டை போட்ட பையில் கட்டி, தருமபுரிக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவேன். கடையில் கேட்கிற முதல் கேள்வி, "ஏம்மா, இன்னைக்குப் பறிச்சதா, நேத்தா?" மழையில் பாதை சரிந்து வண்டி நின்றால் நேற்றுப் பறித்ததாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் அடுப்புக்கு மேல் தட்டில் பரப்பிக் காயவைக்கிறேன். பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. புகைவாசம் ஏறின அந்த வற்றலை மலை பார்க்க வருகிறவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிப்போகிறார்கள். பச்சைக் காளானைவிட அதுவே கட்டுப்படி ஆகிறது.

ஓய்ந்த படுக்கையை நான் மிளகுக் கொடியின் தூரில் போடுகிறேன், கொஞ்சம் மாட்டுக்கும் போகும். 1984இல் கனடாவில் தோர்ன், பேரன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிப்பிக் காளானின் இழை, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களை மயக்கிப் பிடித்துத் தின்னுமாம். மரத்தில் தழைச்சத்து குறைவு. அந்தக் குறையை இப்படி வேட்டையாடித் தீர்த்துக்கொள்கிறது. மிளகு வேரைக் கெடுப்பதும் ஒருவகை நூற்புழுதான். அதற்காக, பழைய படுக்கையைப் போட்டால் மிளகு நோய் போய்விடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மண் மெத்தென்று ஆகிறது, மண்புழு சேருகிறது. இவ்வளவுதான் என் கண்ணால் பார்த்தது.

இப்போது மனது கட்டையின் பக்கம் போயிருக்கிறது. சிப்பிக் காளானை மனிதர்கள் முதலில் வளர்த்ததே மரத்தில்தான். முதல் உலகப் போர் காலத்தில், 1917இல், ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் வெட்டின மரத்தின் அடிக்கட்டையில் வளர்த்துக் காட்டினார். நம் நாட்டில் பரவியிருக்கும் சாம்பல் சிப்பியைக்கூட, இமயமலை அடிவாரத்துக் கள்ளிமரத்தில் கண்டெடுத்து 1974இல் ஜந்தைக் என்ற விஞ்ஞானி வளர்த்துக் காட்டியதாகத்தான் வரலாறு. வைக்கோல் பின்னால் வந்த சௌகரியம். அது கிடைக்காத மலையில் மரத்துக்கே திரும்பினால் என்ன? மிளகு ஏற நட்ட கல்யாண முருங்கை எங்களிடம் நிறைய இருக்கிறது, மெத்தென்ற மரம், வருடா வருடம் கிளை கழித்தே ஆக வேண்டும். கை முழ நீளத்துக்கு அறுத்து, பச்சை மாறுவதற்குள் துளையிட்டு, விதையை அடைத்து, தேன்மெழுகு பூசி, நிழலில் சாய்த்துவைக்க வேண்டும். சோள விதையாக இருந்தால் எறும்பும் எலியும் துளையைத் தோண்டித் தின்றுவிடுகின்றன, ஆகவே மரத்தூளில் வளர்த்த விதை வேண்டும். அதைக் கீழே எல்லாரும் செய்து கொடுப்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. வைக்கோல் போல இருபது நாளில் பலன் தராது. இழை கட்டைக்குள் ஓடி முடிக்கவே மாதக்கணக்காகும். அதன் பிறகு கட்டை உளுத்துக் கொட்டும்வரை மழைக்கு மழை காய்க்கும். வண்டிக் கூலி கிடையாது, வேகவைக்கிற வேலை கிடையாது. ஆனி மாதம் கவாத்துக்கு ஆள் வருகிறார்கள். கிளைகளை அடுப்புக்கு வெட்டிவிட வேண்டாம், எனக்கு முழுசாக வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.